காய்ச்சல் போன பிறகும் போகாதவை

டீ சூடாக இருக்கும்போதே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்துவிடலாம். ஒரு வாய் குடியுங்கள். அடுத்த வாய்க்கு மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இனிப்பு தெரியும், சூடு தெரியும், துவர்ப்பு தெரியும், இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் அதன் உறைப்பும் தெரியும். ஏலக்காய் தெரியாது. பால் காய்ந்த மணம் தெரியாது. குடிப்பது டீதானா என்றே சந்தேகம் வந்துவிடும். விரலை எடுத்தால் எல்லாம் ஒரே நொடியில் திரும்பிவிடும். வைரஸ் காய்ச்சல் வந்துபோன சிலர் மாதக்கணக்கில் இந்த நிலையில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் உதிரி மல்லிகை எடுத்து, கட்டி, தெருவில் விற்கிற அக்கா ஒருவர் இதைத்தான் சொன்னார். "நாக்கு செத்துப்போச்சு தம்பி. காய்ச்சல் விட்டு ரெண்டு மாசமாச்சு. குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு மட்டுந்தான் தெரியுது." உப்பு தெரிகிறது என்றால் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, போனது மூக்கு என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "மூக்குதான் அடைக்கவே இல்லையே?"

நியாயமான கேள்வி. நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிச்சாறு போன்றவற்றில் இருக்கும் ஒருவித ருசி என்று ஐந்துதான். ரசம், புளிக்குழம்பு, கருவாடு என்று நாம் பிரித்துச் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மேலேறி மூக்குக்குள் போகிற மணம். அதைப் பிடிக்கிற இடம் மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கு நடுவே, தபால்தலை அளவுக்கு இருக்கிறது. அங்கே உள்ள நரம்புச் செல்களில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணச் சளியில் மூக்கு வீங்கி அடைத்து, காற்று அந்த உச்சிக்குப் போகாமல் மணம் நின்றுவிடும். சளி இளகினால் மணமும் வந்துவிடும். கோவிட் செய்தது வேறு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, அந்த வைரஸ் நுழையும் வாசல் மண நரம்பில் இல்லை, நரம்பைத் தாங்கிப் பராமரிக்கிற துணைச் செல்களில்தான் இருக்கிறது என்று காட்டியது. துணைச் செல்கள் அழிந்தால் நரம்பு வேலை செய்யாது. அதனால்தான் மூக்கு திறந்தே இருந்தும் மணம் போனது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் இழப்பதைக் கோவிட் அறிகுறிகளில் சேர்த்தது 2020 ஜூன் 13 அன்று. கோவிட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்ஃப்ளுவென்சா முதல் சாதாரணச் சளி வைரஸ்கள் வரை பலவும் சிலருக்கு இதைச் செய்யும். காது, மூக்கு, தொண்டை டாக்டர்களுக்குக் கோவிட்டுக்கு முன்பே பழகிய நோய்தான் இது.

நல்ல செய்தியும் உண்டு. நம் உடம்பில் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கிற நரம்புச் செல்கள் மிகக் குறைவு. மூக்கின் மண நரம்பு அதில் ஒன்று. அடியில் இருக்கிற மூலச் செல்கள் புதுநரம்பை உண்டாக்கி, அது எலும்பில் உள்ள நுண்துளைகள் வழியாக மேலேறி மூளையைத் தொட வேண்டும். அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022 ஜூலையில் பிஎம்ஜே இதழில் வந்த கணக்கின்படி, கோவிட்டில் மணம் இழந்த நூறு பேரில் 74 பேருக்கு 30 நாளில் திரும்பியது. ஆறு மாதத்தில் 96 பேருக்குத் திரும்பியது. அக்காவுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. கணக்கு அவர் பக்கம் இருக்கிறது.

ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு கெட்ட கட்டம் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆட்கள் பயந்துவிடுவார்கள். ஒன்றுமே தெரியாமல் இருந்த மூக்குக்குத் திடீரென்று எல்லாமே நாறத் தொடங்கும். வெங்காயம் வதக்கினால் கருகிய ரப்பர், காபி என்றால் சாக்கடை, கறி வறுத்தால் குமட்டல். புதுநரம்பு மூளையில் சேர வேண்டிய இடத்தில் சரியாகச் சேராததால் வருவது இது. வயரிங் மாற்றிய வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிற மாதிரி. பெரும்பாலும் நோய் வந்து இரண்டு மூன்று மாதத்தில் இது தலைகாட்டும். வறுத்தது, வதக்கியது, பூண்டு, வெங்காயம், காபி, முட்டை ஆகியவைதான் அதிகம் படுத்தும். சீரகச் சம்பா பிரியாணியின் தம்மைப் பிரிக்கும்போது தெருவே மணக்கிற ஊரில் இந்தக் கோளாறு வந்தவர் படுகிற பாடு சாதாரணமானது இல்லை. வீட்டில் எல்லோரும் ரசித்துச் சாப்பிட, ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போவார். "ரொம்பத்தான் பண்றா" என்று பேச்சு வரும். அப்படிப் பேசாதீர்கள். அவர் நடிக்கவில்லை.

மல்லிகையே நாறலாம், அதற்கும் காரணம் இருக்கிறது. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. அதே இண்டோல் மலத்திலும் உண்டு. பூவில் அது நூறு பொருள்களோடு கலந்து அழகாக வருகிறது. மற்ற மணங்களைப் பிடிக்கிற நரம்புகள் இன்னும் முளைக்காமல், இண்டோலைப் பிடிப்பது மட்டும் முளைத்துவிட்டால், புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் கழிவறை வாடைதான் அடிக்கும். பூ விற்கிறவருக்கு அதைவிட வருத்தம் என்ன இருக்கிறது? அப்படி வந்தால், மூக்கு விழித்துக்கொண்டிருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அந்தக் கட்டத்தில் தயிர்ச்சாதம், இட்லி, அவித்த காய், பழம் என்று வறுவல் இல்லாமல் ஆறவைத்துச் சாப்பிட்டால் தொல்லை குறையும். சூடாக இருந்தால்தான் வாடை அதிகம் எழும்.

இதற்கு மருந்து என்ன? மாத்திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. துத்தநாக மாத்திரை மணத்தைத் திருப்பித் தந்ததாக நிரூபணம் இல்லை. இருப்பதில் நல்லது பயிற்சிதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் 2009-ல் வெளியிட்ட முறை அது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, லவங்கம் என்று நான்கு மணம், காலையும் இரவும் ஒவ்வொன்றையும் முகர வேண்டும், 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஜெர்மனியில் சீசாவில் அடைத்த மணங்களைப் பயன்படுத்தினார்கள். நமக்கு அது கூட வேண்டாம். நிலக்கோட்டைப் பக்கம் விளைகிற ரோஜா, மளிகைக் கடை லவங்கம், எலுமிச்சைத் தோல், கொடைக்கானலிலிருந்து இறங்கிவரும் யூகலிப்டஸ் தைலம், எல்லாம் திண்டுக்கல்லில் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடும்.

செய்கிற விதம் முக்கியம். நான்கு சின்ன மூடி போட்ட டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். லவங்கத்தை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் மணம் எழும்பாது. எலுமிச்சைத் தோலையும் ரோஜாவையும் வாடுவதற்குள் மாற்றுங்கள். டப்பாவை மூக்குக்கருகில் வைத்து, முயல் மோப்பம் பிடிப்பது போல் சின்னச் சின்னதாக 10 முதல் 20 விநாடி உறிஞ்சுங்கள்; ஒரே மூச்சாக இழுக்காதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு. ஒன்றுமே தெரியாவிட்டாலும், 'இது லவங்கம், பொங்கலில் வருமே அந்த மணம்' என்று மனசுக்குள் வரவழைக்க வேண்டும். அந்த நினைப்புதான் பயிற்சியில் பாதி. தைலத்தை முகர்ந்து ஜில்லென்று ஏறினால் மணம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அமிர்தாஞ்சன், கற்பூரம், தைலம் இவற்றின் சுள்ளென்ற உணர்வு, முகத்தில் தொடுதலையும் எரிச்சலையும் உணர்கிற வேறொரு நரம்பு வழியாக வருவது. மண நரம்பு அடியோடு போனவருக்கும் அது தெரியும். முன்னேற்றம் பார்க்க ரோஜாப் பூதான் சரியான அளவுகோல்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். மூக்கு போனவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். காலையில் அடுப்புப் பற்றவைக்குமுன் ஜன்னலைத் திறந்து, வீட்டில் மூக்கு நன்றாக இருக்கிற ஒருவரை முதலில் உள்ளே விடுங்கள். தனியாக இருக்கிறவர் கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. முந்தாநாள் குழம்பை முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

மூக்கடைப்பு நீடிக்கிறவர்களுக்கு இரண்டு சொல். மருந்துக் கடையில் கேட்டதும் தருகிற அடைப்புத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடக்கூடாது. போட்டால் மருந்து இறங்கும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாக அடைக்கும். அந்தச் சொட்டு இல்லாமல் தூக்கமே வராத நிலைக்கு ஆட்கள் போய்விடுகிறார்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பாதுகாப்பானது: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே ஏற்றக்கூடாது. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தால் தலையைக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போதுதான் நடுத் தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும், ரத்தம் கசியாது. நொச்சி போட்டு வேது பிடிப்பது இதமாக இருக்கும், வைரஸைக் கொல்லாது. 2021 மே மாதம் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்கத் தொடங்கியபோது, வேண்டாம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகளைக் கொதிக்கும் சட்டிக்கு முன் உட்காரவைக்காதீர்கள். வெந்துபோன கதைகள் போதும்.

அதே 2021 மே மாதத்தை இன்னொன்றுக்காகவும் மறக்கக்கூடாது. கறுப்புப் பூஞ்சையைத் தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்த மாதம் அது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள்தான் அதில் பெரும்பாலும் மாட்டினார்கள். கோவிட் அலை போய்விட்டது; சர்க்கரை நோய் போகவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலித்து மரத்தால், மூக்கிலிருந்து கறுப்பாக வந்தால், அண்ணத்தில் கறுப்பு தெரிந்தால், மேல் பல் ஆடினால், பார்வை இரட்டையானால் சைனஸ் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். அது மணிக்கணக்கில் பரவுகிற நோய்.

தொண்டைக்கு வருவோம். வைரஸ் போன பிறகும் வறட்டு இருமல் மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை இருக்கலாம். தொண்டை நரம்புகள் எரிச்சலாகி, குளிர்காற்று, சிரிப்பு, பேச்சு எதற்கும் இருமலைக் கிளப்பும். இதற்கு அசித்ரோமைசின் வாங்கிப் போடுவதில் ஒரு பயனும் இல்லை. வெதுவெதுப்பான நீர், தேன், பொறுமை. ஆனால் நம் வட்டாரத்தில் இருமலை வைரஸ் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடிக்கும் நோய் வரலாம். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கமும் இருமலும் கூடினால் மில்லில் சொல்லி, டாக்டரிடம் மறைக்காமல் வேலையையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது நம் நாட்டு விதி. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். புகையிலை போடுகிறவர், பீடி பிடிக்கிறவர் என்றால் கண்டிப்பாக.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை காத்திருந்தால் சரியாகிறவை. காதில்தான் காத்திருப்பது ஒரு காதையே காவு வாங்கும். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றழுத்தத்தைச் சமன் செய்யும். வத்தலக்குண்டைத் தாண்டி பஸ் மலையேறும்போது காது அடைத்து, டப்பென்று திறக்கிறதே, அந்தக் குழாய்தான் காரணம். சளியில் அது வீங்கினால் மலையேறாமலே காது அடைத்திருக்கும், சொந்தக் குரல் உள்ளே முழங்கும். உள்ளே நீர் கோத்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். குழந்தைகளுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். மெல்லுங்கள், கொட்டாவி விடுங்கள். மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதாதீர்கள்.

இதையெல்லாம் டீ போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த டீக்கடை மாஸ்டர், "அப்போ காது அடைச்சா விட்டுரலாமாண்ணே?" என்றார். விடக்கூடாத ஒன்று இருக்கிறது தம்பி. சில பேருக்கு, சளிக்குப் பிறகோ ஒரு காரணமும் இல்லாமலோ, காலையில் எழுந்திருக்கும்போது ஒரு காது மட்டும் அடைத்த மாதிரி இருக்கும். அதிலேயே இரைச்சல் கேட்கும். சிலருக்குத் தலை சுற்றும். வலி இருக்காது. வலி இல்லாததால்தான் ஏமாந்துபோகிறார்கள். இது குழாய் அடைப்பு இல்லை. உள்காது நரம்பு அடிபடுவது. மூன்று நாளுக்குள் கேட்கும் திறன் சடசடவென்று விழுந்துவிடும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும். அந்த இரண்டு வாரத்தைத்தான் நம் ஆட்கள் அழுக்கு என்று பட்ஸ் விட்டும், சூடாக்கிய நல்லெண்ணெய் ஊற்றியும், சளி மாத்திரை போட்டும் கழித்துவிடுகிறார்கள்.

அடைப்பா நரம்பா என்று ஓரளவு யூகிக்க ஒரு வழி உண்டு. இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில்தான் சத்தம் கூடக் கேட்கும். சளியாலோ அழுக்காலோ அடைத்த காதும் அப்படித்தான் செய்யும். மந்தமான காதில் கேட்காமல், நன்றாக இருக்கிற காதின் பக்கம் முனகல் ஒதுங்கினால் நரம்பின் மேல் சந்தேகம் வர வேண்டும். டாக்டர் இதையே இசைக்கவை வைத்துச் செய்வார், பிறகு ஆடியோகிராம் எடுத்து உறுதி செய்வார். முனகல் சோதனை சாதகமாக வந்தாலும், ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் போய்க் காட்டுவதுதான் சரி. வீண் அலைச்சல் ஆனால் ஆகட்டும்.

தலைசுற்றல் மட்டும் வந்தால், காதின் சமநிலை நரம்பு வீங்கியிருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் உலகமே சுழலும், வாந்தி வரும், பிறகு மெல்லத் தணியும். அந்த நாள்களுக்குப் பிறகு சுற்றல் மாத்திரையைத் தொடராமல் எழுந்து நடந்தால்தான் மூளை சமநிலையைப் பழகும். பேச்சு குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பார்வை இரட்டையானாலோ அது காது இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து போனால் இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அந்த வைரஸ் சில குழந்தைகளுக்கு ஒரு காதை மட்டும் நிரந்தரமாகச் செவிடாக்கும். இன்னொரு காது சமாளித்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பின்னாளில் போனை அந்தக் காதில் வைத்து, எதுவும் கேட்கவில்லை என்று பிள்ளை சொல்லும்போதுதான் தெரியும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை, வசதி இருக்கிறவர்கள் குழந்தை டாக்டரிடம் எம்எம்ஆர் ஊசி பற்றிக் கேளுங்கள்.

மூக்குக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுங்கள், இருமலுக்குச் சில வாரம் பொறுங்கள். காதுக்கு மட்டும் அந்தப் பொறுமை வேண்டாம். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. முன்போல் எதற்கும் மதுரைக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. நிலக்கோட்டையோ நத்தமோ வேடசந்தூரோ, எங்கே இருந்தாலும், ஒரு காது திடீரென்று மந்தமானால் எண்ணெய் ஊற்றாமல், சந்தை நாள் முடியட்டும் என்று தள்ளிப் போடாமல், அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.